வேலைக்குப் போய்க்கொண்டே சமூகப்பணி படித்தேன்: களப்பணி நாள்கள் கற்றுத்தந்தவை

குழந்தைகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் துணையாக நிற்கிற வேலைக்கு வர வேண்டும் என்ற விருப்பத்தோடு, கையில் இருக்கும் வேலையை விட முடியாமல், தொலைநிலைக் கல்வியில் முதுகலைச் சமூகப்பணி படிக்கலாமா என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது தேர்வைப் பற்றித்தான். எத்தனை தாள், ஆங்கிலத்தில் எழுத வேண்டுமா, தேறிவிட முடியுமா என்று கேட்கிறார்கள். களப்பணியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், அதற்கு ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும்தானே என்கிறார்கள். படித்து முடித்து இப்போது அந்தத் துறையிலேயே வேலை பார்க்கிற நான் சொல்ல விரும்புவது இதற்கு நேர்மாறானது. களப்பணி நாள்களை முதலில் உறுதிசெய்துகொண்டு, வேலை, வீடு, பாடநூல், தேர்வு ஆகிய மற்ற எல்லாவற்றையும் அவற்றுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள முடியும் என்றால் மட்டுமே இந்தப் படிப்பில் சேருங்கள். களப்பணி இல்லாமல் வாங்கும் பட்டம், ஒரு குடிசை வாசலில் நிற்கும்போது எதற்கும் உதவாது.

நான் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இளங்கலை வணிகவியல் முடித்துவிட்டு, சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து திறந்த பிறகு, 2021-இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது எங்கள் தெருவுக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். மாலை 5 மணி முதல் 7 மணி வரை வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் போனேன் என்றாலும், வராத பிள்ளைகளைத் தேடிப் போன வீடுகளில்தான் என் கவனம் நின்றுவிட்டது. ஒரு பிள்ளை வராததற்கான காரணம் அந்தப் பிள்ளையிடம் இருந்ததே அரிது. தாய் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பாள், தகப்பன் கடன்காரனுக்குப் பயந்து ஊரிலேயே இருக்க மாட்டான், பாட்டிக்குக் கண் தெரியாமல் போயிருக்கும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றிருப்பாள். இவற்றில் எதையாவது சரிசெய்ய யாரிடம் போக வேண்டும், எந்தச் சட்டம் என்ன சொல்கிறது, எந்த அலுவலகத்தில் என்ன உதவி கிடைக்கும் என்பது எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் என்னைப் படிக்க அனுப்பியது.

மதுரையில் சமூகப்பணியை வகுப்பில் உட்கார்ந்து படிக்க வழி உண்டு. அழகர்கோவில் சாலையில் உள்ள மதுரை சமூக அறிவியல் கல்லூரி பல ஆண்டுகளாக இதற்கென்றே பெயர் பெற்றது. ஆனால் அது பகல் நேரப் படிப்பு. அதற்குள் நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் முழுநேரக் கணக்கராகச் சேர்ந்துவிட்டேன். வீட்டுக்கடன் தவணை அந்தச் சம்பளத்திலிருந்துதான் போனது. ஆகவே இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைச் சமூகப்பணியைத் தேர்ந்தெடுத்தேன். குறைந்தது இரண்டு ஆண்டுப் படிப்பு. மதுரையிலேயே மண்டல மையம் இருக்கிறது. களப்பணிக்கு மேற்பார்வையாளர் உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும், அந்தக் குறிப்பிட்ட பாடத்துக்கு அந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் தந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். உளவியல் போன்ற சில பாடங்களைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்டு சேர்க்கையிலிருந்து மானியக் குழு நிறுத்திவிட்டது. ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) ஆகலாம் என்று உளவியலை அஞ்சல் வழியில் படிக்க எண்ணியிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதோடு, நான் சேர்ந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் எல்லாம் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சேரும் முன் ஒரு பாடநூலையாவது இறக்கி, இரண்டு வாரம் வேலை முடிந்து வந்து இரவில் படித்துப் பாருங்கள். முடிகிறதா, பிடிக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

எந்தப் பருவத்தில் சேருவது என்பதும் நம் வேலையைப் பொறுத்தது. ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரு முறை சேர்க்கை நடக்கிறது. ஜனவரியில் சேர்ந்தால் ஆண்டுத் தேர்வு டிசம்பரில் வரும். அதற்கான ஒப்படைப்புகளை எழுத வேண்டிய காலம் சரியாகத் தீபாவளி வியாபாரத்தில் போய் விழும். ஜவுளிக் கடையில் இருப்பவருக்கு ஐப்பசி மாதத்தில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஜூலையில் சேர்ந்தவர்களுக்குத் தேர்வு ஜூனில் என்பதால் நான் அதையே எடுத்தேன். பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கும். விவசாயம் பார்ப்பவருக்கு இன்னும் வேறு. தம் தொழிலில் எந்த மாதம் நெருக்கடி, எந்த மாதம் தளர்வு என்பதைக் காலண்டரில் குறித்துவிட்டுப் பிறகு சேர்க்கையைத் தீர்மானிப்பது நல்லது.

அடுத்தது விடுப்பு. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் களப்பணியை முடித்துவிடலாம் என்று எண்ணுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் மூடியிருக்கும், அங்கன்வாடி மூடியிருக்கும், கிராம நிர்வாக அலுவலர் இருக்க மாட்டார், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆள் இருந்தாலும் அன்றாட வேலை நடக்காது. வீடுகளில் ஆள்கள் இருப்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரு குழந்தைக்காகப் பல அலுவலகங்களை இணைப்பதுதான் இந்த வேலையின் பாதி என்பதால், அந்தப் பாதியைப் பார்க்காமலேயே படிப்பு முடிந்துவிடும். நான் முதலாளியிடம் ஒவ்வொரு வாரமும் போய் விடுப்புக் கேட்கவில்லை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் ஆகிய மூன்று வியாபாரக் காலங்களையும், மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் 11, 20 ஆகிய தேதிகளை ஒட்டிய நாள்களையும் சிவப்பில் அடித்துவிட்டு, மிச்சமுள்ள வியாழக்கிழமைகளைப் பச்சையில் குறித்த ஓர் ஆண்டுத் தாளை அவரிடம் நீட்டினேன். அந்த வியாழக்கிழமைகளுக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை வந்து சரக்கு இருப்பு எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "கணக்கு நிக்கக் கூடாதும்மா, அம்புட்டுத்தான். நல்ல படிப்பு, படி" என்றார். முதலாளிகள் எல்லாரும் இப்படி இருக்க மாட்டார்கள். ஆனால் திடீர் திடீரென்று கேட்கப்படும் விடுப்பை வெறுக்கிறவர்கள்கூட, முன்கூட்டியே தெரிந்த விடுப்பைப் பெரும்பாலும் சகித்துக்கொள்கிறார்கள்.

வீட்டிலும் இதே தாள்தான் சுவரில் ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை சமையல் அத்தையின் பொறுப்பு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என் கணவர் பொறுப்பு என்று தொடக்கத்திலேயே பேசி முடித்துவிட்டோம். உதவி கேட்கத் தயங்கி எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்கிற பெண்கள்தான் இந்தப் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்பது என்னோடு சேர்ந்தவர்களைப் பார்த்து நான் உணர்ந்தது. குடும்பங்களைப் பற்றிய படிப்பு இது. சொந்தக் குடும்பத்தில் வேலையைப் பகிர்ந்துகொள்வதிலிருந்து அதைத் தொடங்குவது முறைதான்.

என் களப்பணி உசிலம்பட்டி, செல்லம்பட்டி வட்டாரக் கிராமங்களில் அமைந்தது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கு இன்றும் நினைவுக்கு வருவது பெண் சிசுக்கொலைதான். 1986-இல் ஓர் ஆங்கில இதழ் அதை அட்டைப்பட அளவுக்கு நாடறிய எழுதியது. வளர்க்க முடியாத பெண் குழந்தைகளை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி, 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிவடைந்தது. நடந்தவை உண்மை; அவற்றை மறைப்பதில் எந்தக் குழந்தைக்கும் நன்மை இல்லை. ஆனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகக் கையில் குறிப்பேட்டோடும் தோளில் கேமராவோடும் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அந்த மக்கள் சலித்துப்போயிருக்கிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை. நாங்கள் முதலில் போன வீட்டில் ஓர் அம்மா, "நீங்களும் பொம்பளப் புள்ளய என்ன செய்யிறோம்னு எழுதத்தேன் வந்தீகளா?" என்று கேட்டார். எங்கள் கள மேற்பார்வையாளரான அக்கா அதற்கு மறுப்பு எதுவும் சொல்லவில்லை. "தாகமா இருக்கு, தண்ணி குடுங்கத்தா" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, திண்ணைக்குக் கீழே, அந்த அம்மா உட்கார்ந்திருந்த அதே தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் பையிலிருந்து பேனாவே வெளியே வரவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடிப்பது, அவர்கள் உட்காரும் உயரத்தில் உட்காருவது, முதல் சந்திப்பில் எழுதாமல் இருப்பது ஆகிய மூன்றையும் எந்தத் தேர்வும் கேட்காது. ஆனால் இவை இல்லாதவருக்கு எந்த வீட்டிலும் இரண்டாவது சந்திப்பு கிடையாது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வெளியிட மாட்டேன். ஆகவே ஊரையும் குடும்ப விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கு வருவதில்லை என்று தலைமையாசிரியர் சொல்லிப் போனோம். வீட்டில் அப்பத்தா மட்டும் இருந்தார். என் நாக்கு நுனியில் இருந்த கேள்வி, ஏன் அவனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்பது. அக்கா கேட்டது வேறு.

"காலையில குழாயில தண்ணி யாரு பிடிக்கிறது அப்பத்தா?"

"அவன் இருந்தவரைக்கும் அவன்தேன். இப்ப நாந்தேன். ரெண்டு கொடத்துக்கு மேல முடியல."

"அவன் இல்லாம எத்தனை நாளாத் தூக்குறீங்க?"

"மாசிப் பச்சைக்கு வந்த ஏசண்டு கூட்டிட்டுப் போனாப்ல. அவுக ஆத்தாளுக்கு ஆப்புரேசனுக்குக் குடுத்த காசுக்கு வேலைல கழிச்சிக்கிறேன்னாரு."

மாசிப் பச்சை என்பது சிவராத்திரியை ஒட்டி அந்த வட்டாரக் குலதெய்வக் கோயில்களில் நடக்கும் திருவிழா. வெளி மாநிலங்களில் முறுக்குக் கம்பெனி நடத்துகிறவர்களும் அவர்களுடைய ஆள்களும் ஊர் திரும்பும் நேரம் அது. ஏன் அனுப்பவில்லை என்று கேட்டிருந்தால், உடம்பு சரியில்லை என்றோ மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றோ ஒரு பதில் வந்திருக்கும். தண்ணீரைப் பற்றிக் கேட்டதால், முன்பணம் வாங்கிய கதை தானாக வெளியே வந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் வழக்கின் தன்மையே மாறிவிட்டது. பள்ளி இடைநிற்றல் என்று நாங்கள் கொண்டுபோன விஷயம், 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை வேலைக்கு வைத்த குற்றமாகவும், முன்பணத்துக்காக உழைப்பைப் பிணைத்த காரணத்தால் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் ஆனது.

இங்கே களப்பணி மாணவர் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏஜெண்டுக்குத் தொலைபேசியில் பேசுவது நம் வேலை இல்லை. பேசினால் பையனை இடம் மாற்றிவிடுவார்கள். ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமரசம் பேசுவதும் நம் வேலை இல்லை. அக்கா அன்று மாலையே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தகவல் கொடுத்து, எழுத்திலும் அனுப்பினார். எனக்குக் கொடுத்த வேலை, பள்ளியிலிருந்து பையனின் பிறந்த தேதிச் சான்றை வாங்கி வருவது. சிறிய வேலையாகத் தோன்றும். ஆனால் வயதை உறுதிசெய்ய இளைஞர் நீதிச் சட்டம் முதலில் பார்க்கச் சொல்வது பள்ளிச் சான்றைத்தான். அது கையில் இல்லையென்றால், பதினெட்டு ஆகிவிட்டது என்று வேலைக்கு வைத்தவர் சொல்வதை மறுப்பது கடினம். பையன் மீட்கப்பட்டு வந்து, இப்படிப்பட்ட குழந்தைகளின் பராமரிப்பையும் பாதுகாப்பையும் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நின்றபோது அந்தத் தாள் கோப்பில் இருந்தது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன்; அந்த 24 மணி நேரத்துக்குள் எத்தனை பேர் எத்தனை தாள்களோடு ஓட வேண்டியிருக்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

மீட்பதோடு கதை முடிவதில்லை. பையனை வேலைக்கு அனுப்பிய வறுமை வீட்டில் அப்படியே இருக்கும். குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட குழந்தைகள் குடும்பத்தோடே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். தகுதி இருந்தும் பலருக்கு இது கிடைக்காமல் போவதற்குக் காரணம் தாள்கள்தான். குடும்ப அட்டையில் பையன் பெயர் இருக்காது, அல்லது ஆதாரில் தகப்பன் முதலெழுத்து ஒன்றாகவும் பள்ளியில் வேறாகவும் இருக்கும், அல்லது வருமானச் சான்று காலாவதியாகியிருக்கும், அல்லது வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும். அக்காவிடம் கற்ற பழக்கம் ஒன்றை இன்றும் விடவில்லை. எந்தக் குடும்பத்தைச் சந்தித்தாலும், வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு கட்டம் என்று ஒரு தாளில் வரைந்து, இருப்பதையும் இல்லாததையும் எழுத்துப் பிழையோடு அப்படியே குறித்துக்கொள்வேன். எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான். இ-சேவை மையத்துக்கு அவர்களைத் தனியே அனுப்பாமல் ஒரு முறையாவது கூடப் போவதும் அவசியம். அங்கே வரிசையில் நின்று, கைரேகை பதியாமல், நாளை வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டு, அன்றைய கூலியையும் இழந்து வீட்டுக்குத் திரும்பும் தாய், அடுத்த முறை நம்மை நம்ப மாட்டாள்.

களக் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொலைநிலையில் படிப்பவர்கள் பலர் இதைக் கடைசி மாதத்தில் மொத்தமாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். அது நேர்மையற்ற செயல் என்பதோடு, எழுதக் கற்றுக்கொள்ளும் ஒரே வாய்ப்பையும் பறித்துவிடுகிறது. எங்கள் அக்கா எந்த மாணவரின் குறிப்பேட்டை வாங்கினாலும் பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் பா, கே, நி என்று எழுதுவார்: பார்த்தது, கேட்டது, நினைத்தது. "அடுப்பு மூட்டிய தடம் இல்லை" என்பது பார்த்தது. "நேற்றிலிருந்து சமைக்கவில்லை என்று பாட்டி சொன்னார்" என்பது கேட்டது. "பொறுப்பில்லாத குடும்பம்" என்பது நினைத்தது. இந்த மூன்றாவது வகையில் உள்ளவற்றைத் தனிப் பக்கத்துக்கு மாற்றச் சொல்லுவார். இதன் அருமை வேலைக்கு வந்த பிறகுதான் முழுதாகத் தெரிகிறது. குழந்தைகள் நலக் குழுவுக்கு நாங்கள் கொடுக்கும் சமூக விசாரணை அறிக்கையை, படிவம் 22-ஐ, வைத்துத்தான் ஒரு குழந்தை வீட்டுக்குப் போவதா இல்லத்தில் இருப்பதா என்பது பெருமளவு தீர்மானமாகிறது. அதில் நான் எழுதும் "குடிகாரத் தகப்பன்" என்ற சொல், நான் கண்ணால் பார்த்ததா, பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தில் சொன்னதா என்று தெரியாமல் போனால், ஒரு குழந்தை தகப்பனை இழக்கக்கூடும். களத்திலிருந்து பேருந்தில் திரும்பும்போதே கைப்பேசியில் குரலாகப் பதிந்துவிட்டு, அன்று இரவே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் பார்த்ததும் நினைத்ததும் கலந்துவிடுகின்றன.

சட்டங்களில் போக்சோவை, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தை, களத்துக்குப் போகும் முன்பே படித்துவிட வேண்டும். குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தராமல் இருப்பது தண்டனைக்குரியது. குடும்ப மானம், ஊர்ப் பஞ்சாயத்து எதுவும் இதற்கு விலக்கு இல்லை. இதனால் களத்தில் ஒரு பழக்கம் அவசியமாகிறது. ஒரு பெண் குழந்தை, "ஒண்ணு சொல்றேன், யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டினால், அந்தக் கையில் சத்தியம் செய்யக் கூடாது. "உன்னைப் பத்திரமா வச்சுக்க யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும் என்று பயப்படுவார்கள். சில நேரம் மூடிக்கொள்ளத்தான் செய்யும். மறுபடி மறுபடி போய் உட்கார வேண்டியிருக்கும். ஆனால் ஏற்கெனவே ஒரு பெரியவரால் ஏமாற்றப்பட்ட குழந்தையை இன்னொரு பெரியவர் பொய்ச் சத்தியத்தால் ஏமாற்றுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதியலாம், அதைப் பதியும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்பவற்றையும் தாயிடம் எடுத்துச் சொல்லுங்கள். காவல் நிலையத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்ற அச்சத்தாலேயே மூடி மறைக்கப்படுபவை நிறைய.

இத்தனையையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மகளுக்குத் தலை வாரிவிடும்போது கை நடுங்கிய நாள்கள் உண்டு. அது பலவீனம் அல்ல என்று எனக்குச் சொல்லித்தந்ததும் களப்பணி மேற்பார்வைதான். வாரம் ஒரு முறை அக்காவோடு பேசும் நேரத்தில் முதல் பாதி வழக்கைப் பற்றி, அடுத்த பாதி எங்களைப் பற்றி. எந்த வீட்டை நினைத்துத் தூக்கம் வரவில்லை, எந்தத் தகப்பன் மீது கோபம் வருகிறது, எந்தக் குழந்தையை நம் வீட்டுக்கே கூட்டிவந்துவிடலாமா என்று தோன்றுகிறது என்று வெளிப்படையாகக் கேட்பார். உணர்ச்சியோடு ஈடுபட வேண்டும், அது நம் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்ற நெறியைப் பாடநூல் ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போகிறது. அதைப் பழகுவதற்கு இப்படி ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆகவே களப்பணிக்கு நிறுவனத்தைத் தேடும்போது அதன் கட்டடத்தையோ பெயரையோ பார்க்காமல், மாணவர்களோடு உட்கார்ந்து பேச அங்கே யாருக்கு நேரம் இருக்கிறது என்பதை விசாரியுங்கள். கையெழுத்துப் போட மட்டும் ஆள் இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். அதே போல, களத்தில் சந்திக்கும் குடும்பத்துக்குச் சொந்தக் காசைக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். மனம் கேட்காதுதான், ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் நம்மிடம் உண்மையைச் சொல்வது கடினமாகிவிடுகிறது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. நான் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். ஒவ்வொரு அலகையும் படித்ததும், அதை அத்தைக்குச் சொல்வது போலத் தமிழில் பேசிப் பதிந்துகொண்டு, திருமங்கலம் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் கேட்டேன். விடையை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தாலும் கருத்து தமிழில் தெளிந்திருந்ததால் எளிய சொற்களில் எழுத முடிந்தது. 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரிய துணை. வீட்டில் இரண்டு மணி நேரம் எடுப்பதை அங்கே ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். பற்றுறவு (குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பு), வளர்ச்சிப் படிநிலைகள் போன்ற கோட்பாடுகளை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். களத்தில் பார்த்த ஒரு குழந்தையை ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் பக்கத்தில் பெயரில்லாமல் எழுதி வைத்துக்கொண்டால் தேர்வு அறையில் அது தானாக நினைவுக்கு வரும்.

வேலை வாய்ப்பைப் பற்றி நம்பிக்கையூட்டும்படி மட்டும் பேச எனக்கு மனம் இல்லை. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பாதுகாப்பு அலுவலர், சமூகப்பணியாளர், ஆற்றுப்படுத்துநர், புறத்தொடர்புப் பணியாளர் ஆகிய பணியிடங்களுக்கும், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் வழக்குப் பணியாளர் பணியிடத்துக்கும் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வரும். பெரும்பாலானவை ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் நிரப்பப்படுபவை. நான் இப்போது ஒரு குழந்தைகள் இல்லத்தில் வழக்குப் பணியாளராக இருக்கிறேன். ஜவுளிக் கடையில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. வீட்டுக்கடன் முடியும் வரை கடையில் இருந்துவிட்டு அதன் பிறகே மாறினேன். குழந்தைகளுக்காக உழைக்கிறவர்களுக்கு இந்தச் சமூகம் இவ்வளவு குறைவாகக் கொடுப்பது மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அது மாறும் வரை, பழைய வேலையை என்றைக்கு விடுவது என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து எண்களை எழுதிப் பார்த்து முடிவுசெய்யுங்கள். சேருவதற்கு முன்பே இரண்டு மூன்று பழைய அறிவிப்புகளை எடுத்து, என்ன பட்டம், எத்தனை ஆண்டு அனுபவம், என்ன வயது வரம்பு கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். களப்பணிச் சான்றிதழில் நிறுவனத்தின் பெயர், தேதிகள், செய்த வேலை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும்.

இந்த ஜூலையில் சேர எண்ணியிருப்பவர்கள், களப்பணிக்கான நிறுவனத்தை மே மாதத்திலேயே நேரில் போய்ப் பேசிவிடுங்கள். கல்லூரிகள் திறந்ததும் பகல் நேர மாணவர்கள் இடங்களை நிரப்பிவிடுவார்கள். போகும்போது விண்ணப்பக் கடிதத்தோடு, எந்தக் கிழமை, எந்த மாதங்கள் வர முடியும், எந்த மாதங்களில் வர முடியாது என்று எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு வாருங்கள். வார நாளில் முழுதாக ஒரு நாள் தருவேன் என்று சொல்லும் வேலைக்குப் போகும் மாணவரை நல்ல மேற்பார்வையாளர்கள் திருப்பி அனுப்புவதில்லை.